டிஸென்டிங்னா என்னங்க? மீட்டிங் நோட்டுல இருந்து ஏற்காடு இறக்கம் வரைக்கும், அடிக்கடி கேக்கற கேள்விகள்

அஸ்தம்பட்டில ஒரு மாடி ரூம்ல சாயங்காலம் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறேன். பேங்க் எக்ஸாம் பசங்க, டிஎன்பிஎஸ்சி எழுதறவங்க, கோர்ட்ல டைப்பிங் வேலைல இருக்கற ஒரு அக்கா, அப்பறம் பேப்பர் படிக்கறப்போ டவுட் வந்தா மட்டும் படியேறி வர்ற ரெண்டு மூணு ரிட்டயர்டு பெரியவங்க, இவ்வளவுதான் கூட்டம். ஆனா பேட்ச் மாறினாலும் மாறாம வர்ற கேள்வி இந்த டிஸென்டிங்ங்கற வார்த்தை பத்தித்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய் வலிக்க சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கேள்வி எல்லாம் கிளாஸ்ல நெஜமா வந்ததுதான், கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

டிஸென்டிங்னா சிம்பிளா என்ன அர்த்தம் சார்?

நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர்றாங்க, அதுல ஒருத்தர் மட்டும் "எனக்கு இது சரியாப் படல"ங்கறார். அந்த ஆளுக்கும், அவர் போட்ட ஓட்டுக்கும், சொன்ன கருத்துக்கும், எழுதின தீர்ப்புக்கும் முன்னாடி ஒட்டற அட்ஜெக்டிவ்தான் டிஸென்டிங். தமிழ்ல மாறுபட்ட, உடன்படாதன்னு சொல்லலாம்.

ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, டிக்ஷனரில ஒரு வார்த்தை அர்த்தம் பார்த்துட்டு மூடி வெச்சுடறவங்க அதை விட்டுடுவாங்க. டீக்கடைல ரெண்டு பேர் தட்டுவடை செட்டுல காரச் சட்னி அதிகமா இருக்கணுமா கம்மியா இருக்கணுமான்னு சண்டை போட்டா அது டிஸென்ட் கிடையாது, வெறும் டிஸ்அக்ரீமென்ட்தான். டிஸென்டிங்னு சொல்லணும்னா ஒரு பெரும்பான்மை இருக்கணும், இல்லாட்டி ஒரு அதிகாரப்பூர்வமான நிலைப்பாடாவது இருக்கணும். அதோட நீங்களும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆளா இருக்கணும். வெளிய ரோட்டுல நின்னு கத்தறவர் எதிர்ப்பாளர். அதே ரூமுக்குள்ள, அதே பெஞ்சுல, அதே மேஜைல உக்காந்துக்கிட்டு "நான் இதுக்கு இல்ல"ன்னு சொல்றவர்தான் டிஸென்டிங் மெம்பர். நாற்காலிய தள்ளிட்டு கதவை சாத்திட்டு போயிட்டார்னா அது வாக்அவுட், அதுக்கு வேற பேர்.

இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

லத்தீன்ல சென்டிரேன்னா உணர்றது, மனசுல படறது. டிஸ்னா தனியா, வேற மாதிரி. சேர்த்தா "எனக்கு வேற மாதிரி படுது". நம்ம ஊர்ல பெரியவங்க ஒரு சம்பந்தம் பேசி முடிக்கற நேரத்துல "எல்லாஞ் சரிதானுங்க, ஆனா எனக்கு மனசு ஒப்பல"ன்னு ஒரே வரில நிறுத்துவாங்க பாருங்க, அதுதான் இது. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு இதுவரைக்கும் கெடைக்கல.

இதே சென்டிரே குடும்பத்துல கன்சென்ட், அஸென்ட், ரிசென்ட் எல்லாம் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கறது கன்சென்ட், கூட சேர்ந்து மனசு ஒத்துக்கறது. சட்டமன்றத்துல பாஸான மசோதாவுக்கு கவர்னர் கொடுக்கறது அஸென்ட். மனசுக்குள்ளயே வெச்சு புழுங்கறது ரிசென்ட். அண்ணன் தம்பி மாதிரி எல்லாத்துக்கும் ஒரே முகஜாடை, குணம்தான் வேற வேற.

டீசென்ட், டிஸென்ட், டிஸென்ட்... மூணும் எனக்கு ஒண்ணாவே கேக்குது. எப்படி பிரிக்கறது?

இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பார்ட்மென்ட், பேர் வேண்டாம், இருபத்தி சொச்சம் வீடு. ரெண்டு வருஷம் முன்னாடி வெயில் காலத்துல போர் வத்திப்போச்சு. புதுசா போர் போடணும்னு மீட்டிங். நீரோட்டம் பார்க்கறவர் உள்ளங்கைல தேங்காய வெச்சுக்கிட்டு நடந்தாரு, கேட் பக்கத்துல வேப்பமரத்தடில தேங்கா எந்திரிச்சு நின்னுச்சு, அங்கதான் போடணும்னுட்டார். எல்லாரும் சரின்னுட்டாங்க. ஒரே ஒருத்தர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எந்திரிச்சு "தேங்கா நின்னுச்சுன்னு பொதுப் பணத்தை லட்சக் கணக்குல எடுத்து கொட்ட எனக்கு சம்மதம் இல்ல, என் டிஸென்டை மினிட்ஸ்ல எழுதுங்க"ன்னாரு. செக்ரட்டரி நல்ல மனுஷன், தலையாட்டிட்டு எழுதிட்டாரு. அடுத்த மாசம் மினிட்ஸ் புக்கை சத்தமா படிக்கறாங்க: "ஒன் மெம்பர் கேவ் எ டீசென்ட் நோட்." ஒருத்தர் கைதட்டவே ஆரம்பிச்சுட்டாரு. ஹெட்மாஸ்டர் மூஞ்சிய பார்த்திருக்கணும் நீங்க.

அந்த செக்ரட்டரி மேல தப்பே இல்ல, காதுல விழுந்ததை எழுதினாரு. சரி, இப்போ பிரிப்போம். முதல்ல ஸ்பெல்லிங். (இங்கிலீஷ்ல இருக்கற ரெண்டு வேற எழுத்துக்கு நமக்கு ஒரே டி தான், அதனால முதல்ல வர்றது டாக்ல வர்ற டி, கடைசில வர்றது டீல வர்ற டின்னு வெச்சுக்கோங்க.)

மறுக்கறது: டி, ஐ, டபுள் எஸ், ஈ, என், டி. ரெண்டு எஸ் இருக்கறதை மறக்காதீங்க. டிஸ்ஸோட எஸ் ஒண்ணு, சென்டிரேவோட எஸ் ஒண்ணு, ரெண்டும் தனித்தனி ஆளுங்க, அதான் ரெண்டு.

இறங்கறது: டி, ஈ, எஸ், சி, ஈ, என், டி. ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வர்றது. வம்சாவளிங்கற அர்த்தமும் இதுக்கு உண்டு, பரம்பரை மேல இருந்து கீழ இறங்குது இல்ல, அதனால. இந்த ரெண்டுக்கும் உச்சரிப்புல ஒரு துளி கூட வித்தியாசம் கிடையாது, இங்கிலீஷ்காரனே சொன்னாலும் காதால பிரிக்க முடியாது, வாக்கியத்த வெச்சுத்தான் தெரியும். "கேர்ஃபுல், ஸ்டீப் டிஸென்ட்"னு டிரைவர்கிட்ட சொன்னா அவர் ஏறின கியர்லயே இறங்கணும்னு புரிஞ்சுக்குவாரு, "ஸ்ட்ராங் டிஸென்ட்"னு ஜட்ஜ் எழுதினா அங்க ஹேர்பின் பெண்ட் எதுவும் இல்லன்னு நமக்குப் புரியணும். நம்ம மலைப்பாதைல இருபது கொண்டை ஊசி இருக்கு, ஒவ்வொரு வளைவுலயும் இந்த ஸ்பெல்லிங்க ஒரு தடவ சொல்லிக்கிட்டே இறங்கினா அடிவாரம் வர்றதுக்குள்ள மனப்பாடம் ஆயிடும். ஒரு பையன் நெஜமாவே செஞ்சான், பின்னாடி உக்காந்திருந்தவன் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

ஒழுங்கானது, கண்ணியமானது: டி, ஈ, சி, ஈ, என், டி. இதுல மட்டும் அழுத்தம் முதல் அசைல விழும், டீன்னு இழுப்போம். மத்த ரெண்டுலயும் அழுத்தம் சென்ட் மேல. அதனால டிஸென்டிங்கை "டி-சென்-டிங்"னு நடுவுல அழுத்தி சொல்லுங்க, டீசென்டிங்னு ஒரு வார்த்தையே இல்ல.

கிராமர்ல எங்க போடணும்?

நவுனுக்கு முன்னாடி. டிஸென்டிங் வாய்ஸ், டிஸென்டிங் வோட், டிஸென்டிங் வியூ, டிஸென்டிங் ஜட்ஜ். "ஹீ ஈஸ் வெரி டிஸென்டிங்"னு எழுதிட்டு வராதீங்க, அப்படி யாரும் சொல்றதில்ல. வெரிங்கறதும் இதோட சேராது, ஸ்ட்ராங்லிங்கறது சேரும். "ஜட்ஜ் ஈஸ் டிஸென்டிங் ஃப்ரம் த மெஜாரிட்டி"ன்னு வந்தா அது அட்ஜெக்டிவ் இல்ல, வெர்ப், மறுத்துக்கிட்டு இருக்கார்ங்கற வினை.

கூட வர்ற ப்ரெப்பொசிஷன்: டிஸ்அக்ரீக்கு வித், டிஸென்டுக்கு ஃப்ரம். எக்ஸாம்ல பிழை கண்டுபிடிக்கற கேள்வில இத வெச்சு மார்க்கை அள்ளிட்டு போயிடுவான். பெரும்பான்மைல "இருந்து" விலகி நிக்கறதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொரு அழகான பிரயோகம் "வித்தவுட் எ டிஸென்டிங் வாய்ஸ்". ஒரு மறுப்புக் குரல் கூட இல்லாம, அதாவது நம்ம ஏகமனதா. இங்கயும் மனசுதான் வருது பாருங்க, இங்கிலீஷ்காரனுக்கு மனசு வேறயா படலன்னா நமக்கு எல்லாருக்கும் ஒரே மனசு.

டிஸ்அக்ரீயபிள்னு சொன்னா என்ன சார், அதுவும் மறுக்கறதுதானே?

இல்லவே இல்ல, இதுல மாட்டினவங்க நிறைய பேர். போன வருஷம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, சேர்ந்து மூணு மாசம் ஆன வேலை, ஷிஃப்ட் மாத்தினதுக்கு மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கு: "ஐ ஆம் டிஸ்அக்ரீயபிள் வித் யுவர் டிசிஷன்." அது சொல்ல நெனச்சது, எனக்கு உங்க முடிவுல உடன்பாடு இல்லன்னு. எழுதினது என்னன்னா, நான் ஒரு சிடுமூஞ்சின்னு. டிஸ்அக்ரீயபிள்னா பழகறதுக்கு கசப்பான, எரிச்சலூட்டற. ஆளுக்கும் சொல்லலாம், நாத்தத்துக்கும் சொல்லலாம், மழைக்கும் சொல்லலாம். மேனேஜர் சிரிச்சுட்டு விட்டுட்டாராம், ஷிஃப்டை மட்டும் மாத்தல.

அந்த இடத்துல அட்ஜெக்டிவே தேவையில்ல, "ஐ டோன்ட் அக்ரீ வித் திஸ்"னா முடிஞ்சுது. நம்மாளுங்களுக்கு பெரிய வார்த்தை போட்டாத்தான் இங்கிலீஷ்னு ஒரு நெனப்பு.

பேப்பர்ல டிஸென்டிங் ஜட்ஜ்மென்ட்னு வருதே, அது எப்படி? கோர்ட்ல ஜட்ஜுங்களே ஒத்துக்காம இருக்கலாமா?

தாராளமா. இந்த வார்த்தையே நம்ம அரசியல் சட்டத்துல இருக்கு, ஆர்ட்டிகிள் 145, அஞ்சாவது உட்பிரிவு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பெரும்பான்மை நீதிபதிகளோட சம்மதத்துலதான் வரணும், ஆனா சம்மதிக்காத ஜட்ஜ் தன்னோட டிஸென்டிங் தீர்ப்பையோ கருத்தையோ சொல்றதுக்கு அது தடை இல்லன்னு எழுதி வெச்சிருக்காங்க. பெஞ்சுல அஞ்சு பேர், நாலு பேர் ஒரு பக்கம்னா அதுதான் சட்டம், அதுதான் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அஞ்சாவது ஆள் எழுதினது கட்டுப்படுத்தாது. ஆனா அதே தீர்ப்போட சேர்ந்தே அச்சாகும், அழிக்க முடியாது.

இதுல ஏன் ஒருத்தர் வேலை மெனக்கெட்டு பக்கம் பக்கமா எழுதணும், தோத்துட்டோம்னு தெரிஞ்சே? டைப்பிங் அக்கா கேட்டது இது. அவங்களுக்கு நான் சொன்ன கேஸ் ஏ.கே. கோபாலன் கேஸ். 1950, அரசியல் சட்டம் வந்து சில மாசம்தான் ஆகுது. கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலனை விசாரணை இல்லாம தடுப்புக் காவல்ல வெச்சாங்க, அவர் மெட்ராஸ் அரசாங்கத்து மேல கேஸ் போட்டாரு. ஒருத்தரோட சுதந்திரத்தை பறிக்கணும்னா ஏதோ ஒரு சட்டம் இருந்தா போதுமா, இல்ல அந்த சட்டம் நியாயமாவும் இருக்கணுமா, இதுதான் கேள்வி. பெஞ்சுல ஆறு பேர். சட்டம்னு ஒண்ணு இருந்தா போதும்ங்கற பக்கம் பெரும்பான்மை போச்சு. ஜட்ஜ் ஃபசல் அலி "இல்ல, முறையும் நியாயமா இருக்கணும்"னு தனியா எழுதினாரு. 28 வருஷம் கழிச்சு 1978ல மேனகா காந்தி பாஸ்போர்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட அவர் நின்ன இடத்துக்கே வந்து நின்னுச்சு.

அந்தக் கேஸ் ஏதோ டெல்லில நடந்த சமாச்சாரம்னு நெனச்சுடாதீங்க. அதே 1950 பிப்ரவரி 11ஆம் தேதி நம்ம சேலம் சென்ட்ரல் ஜெயிலுக்குள்ள நடந்த துப்பாக்கிச் சூட்டுல கம்யூனிஸ்ட் கைதிங்க 22 பேர் செத்தாங்க. கோரிமேட்டுப் பக்கமிருந்து கிளாஸுக்கு வர்ற பசங்க தெனம் அந்த ஜெயிலை தாண்டித்தான் வர்றாங்க. உள்ள இருக்கறவனுக்கு சட்டம் என்ன கொடுக்கணும்ங்கறது அந்த வருஷம் வெறும் புஸ்தகக் கேள்வியா இல்ல.

அப்பறம் எமர்ஜென்சி. 1976 ஏப்ரல் 28, ஏடிஎம் ஜபல்பூர் கேஸ் (பணம் எடுக்கற ஏடிஎம் இல்ல, அடிஷனல் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்). அவசரநிலை சமயத்துல ஒருத்தரை சட்டவிரோதமா அடைச்சு வெச்சாக் கூட அவர் கோர்ட்டுக்கு போக முடியாதுன்னு நாலு ஜட்ஜ் சொன்னாங்க. அஞ்சாவது ஜட்ஜ் எச்.ஆர். கன்னா மட்டும் அதை ஒத்துக்கல, டிஸென்ட் எழுதினாரு. அடுத்த வருஷம் ஜனவரில சீனியாரிட்டிபடி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி ஜூனியருக்கு போச்சு, கன்னா ராஜினாமா பண்ணிட்டாரு. 2017 ஆகஸ்ட்ல பிரைவசி, அதாவது அந்தரங்க உரிமை கேஸ்ல ஒன்பது நீதிபதி பெஞ்சு 1976 தீர்ப்பு தப்புன்னு தூக்கிப் போட்டுச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஒய்.வி. சந்திரசூட், 2017ல அது தப்புன்னு எழுதினது அவரோட மகன் டி.ஒய். சந்திரசூட். அப்பா தீர்ப்பை மகனே திருத்தினார்னு கிளாஸ்ல சொன்னப்போ ஒரு பையன் "எங்க வீட்ல நான் டிவி சேனல் கூட மாத்த முடியாது சார்"னான்.

அப்போ டிஸென்ட் பண்ணவங்க எல்லாம் பிற்பாடு ஜெயிச்சுடுவாங்களா?

அப்படி ஒரு கணக்கே கிடையாது. பத்திரிகைல ஜெயிச்ச டிஸென்ட்டை மட்டும் திரும்பத் திரும்ப எழுதறதால அப்படி தோணுது. பெரும்பாலானது எழுதின இடத்துலயே கெடக்கும், யாரும் புரட்டிக்கூட பார்க்க மாட்டாங்க. தவிர டிஸென்ட்னா எப்பவும் புரட்சி பக்கம்தான் இருக்கும்னும் இல்ல. 2018 செப்டம்பர்ல சபரிமலை கேஸ்ல எல்லா வயசுப் பெண்களையும் விடணும்னு நாலு ஆண் நீதிபதிங்க சொன்னாங்க, அந்த பெஞ்சுல இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ராதான் டிஸென்ட் எழுதினாங்க, வழிபாட்டு நம்பிக்கைல கோர்ட் தலையிடக்கூடாதுன்னு. யார் சரின்னு நான் இங்க சொல்ல வரல, வார்த்தைக்கு கட்சி கிடையாதுன்னுதான் சொல்றேன்.

கன்கரிங் ஒப்பினியன்னும் வருதே?

முடிவு ஒண்ணு, காரணம் மட்டும் வேற. "நானும் சரிங்கறேன், ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல." டிஸென்டிங்னா முடிவே வேற.

டிஸிடென்ட்டும் டிஸென்டிங்கும் ஒண்ணா?

பக்கத்து பக்கத்து வீடு, ஒரே வீடு இல்ல. டிஸிடென்ட்டோட வேர்ல இருக்கறது உக்கார்றது, தள்ளி உக்காந்தவர்னு அர்த்தம். தமிழ்ப் பேப்பர்ல அதிருப்தி எம்எல்ஏக்கள்னு போடறாங்களே, அந்த அதிருப்திதான் இது. ஒரு அரசாங்கத்தையோ கட்சித் தலைமையையோ முழுசா எதிர்த்து நிக்கறவர். டிஸென்டிங் ஒரு விஷயத்தோட நிக்கும்: இந்தத் தீர்மானத்துல இல்ல, இந்தத் தீர்ப்புல இல்ல, அவ்வளவுதான். சாயங்காலம் அதே ஆளோட சேர்ந்து காபி குடிக்கலாம்.

நம்ம ஊர் ஆளுங்களை வெச்சே சொல்றேன். சேலம் விஜயராகவாச்சாரியார், 1920 டிசம்பர்ல நாக்பூர்ல நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். அந்த மாநாட்டுலதான் காந்தியோட ஒத்துழையாமைத் திட்டம் உறுதியாச்சு. மேடைல நடு நாற்காலில உக்காந்திருந்த தலைவருக்கே அந்தத் திட்டத்துல உடன்பாடு கெடையாது, அதை அவர் மறைக்கவும் இல்ல. கூட்டத்தை விட்டு எந்திரிச்சுப் போகல, தலைமையும் தாங்கினாரு, ஒப்பலன்னும் சொன்னாரு. டிஸென்டிங் பிரசிடென்ட்னு ஒரு பிரயோகம் வேணும்னா இதைவிட பொருத்தமா எனக்கு வேற தெரியல.

ராஜாஜி வேற மாதிரி. சேலத்துல வக்கீலா இருந்து, 1917ல இருந்து ரெண்டு வருஷம் இதே சேலம் முனிசிபாலிட்டிக்கு சேர்மனா இருந்தவர். 1942ல பாகிஸ்தான் கோரிக்கை விஷயத்துல முஸ்லிம் லீக்கோட பேசி ஒரு முடிவுக்கு வரணும்னாரு, காங்கிரஸ் ஏத்துக்கல, வெள்ளையனே வெளியேறு போராட்டத்துலயும் அவருக்கு சம்மதம் இல்ல, கட்சியை விட்டு வெளிய வந்தாரு. பிற்பாடு திரும்பி வந்து கவர்னர் ஜெனரல் வரைக்கும் போயி, 1959ல சுதந்திராக் கட்சின்னு தனியாவே ஆரம்பிச்சுட்டாரு. கட்சிக்குள்ள உக்காந்து வேண்டாம்னு சொன்ன வரைக்கும் அவர் டிஸென்டிங், வெளிய வந்து நின்னப்பறம் டிஸிடென்ட்டுங்கற வார்த்தைதான் கிட்ட வருது, 1959க்கு அப்பறம் ரெண்டுமே இல்ல, சும்மா எதிர்க்கட்சி.

இப்ப எம்எல்ஏக்கள் டிஸென்டிங் வோட் போட முடியுமா?

கொறடா உத்தரவு போட்டுட்டா முடியாது. 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கட்சி உத்தரவுக்கு மாறா ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாம இருந்தாலும் பதவி போகும், 15 நாளைக்குள்ள கட்சியே மன்னிச்சா தவிர. அதனால அங்க டிஸென்டெல்லாம் கேன்டீனோட முடிஞ்சுடுது.

டிஸென்டர்ஸ்னு கேப்பிட்டல் எழுத்துல பார்த்தேன், சர்ச் சம்பந்தமா இருந்துச்சு

அது பழைய இங்கிலாந்து சமாச்சாரம். அரசாங்க சர்ச்சான இங்கிலாந்து திருச்சபையோட சேராத புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்களுக்கு டிஸென்டர்ஸ்னு பேர். 1689ல சகிப்புச் சட்டம் வந்தப்பறம்தான் அவங்க வெளிப்படையா தனியா கும்பிட முடிஞ்சுது. 1795ல லண்டன் மிஷன் சங்கத்தை ஆரம்பிச்சதுல பெரும் பங்கு இந்தக் கூட்டத்துக்காரங்களோடது, அந்த லண்டன் மிஷன்காரங்க 19ஆம் நூற்றாண்டுலயே சேலத்துக்கும் வந்துட்டாங்க. இதுல எனக்குப் புடிச்ச விஷயம், இங்கிலாந்துல நூறு வருஷக் கணக்கா ஒட்டாம இருந்த அந்த ரெண்டு தரப்போட வாரிசுங்களும் தென்னிந்தியாவுல 1947 செப்டம்பர்ல ஒண்ணா சேர்ந்து சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆயிட்டாங்க. இங்க ஞாயித்துக்கிழமை சிஎஸ்ஐ சர்ச்சுக்குப் போறவங்கள்ல எத்தன பேருக்கு அவங்க பரம்பரைல டிஸென்டர்ஸ் இருக்காங்கன்னு தெரியுமோ, தெரியல. பரம்பரைன்னு சொன்னேன் இல்ல, அதுவும் டிஸென்ட், ஸ்பெல்லிங்ல எஸ், சி ரெண்டும் வர்ற அந்த டிஸென்ட்.

கிரிக்கெட்ல டிஸென்ட்னு ஃபைன் போடறாங்களே?

அம்பயர் விரலை தூக்கினப்பறம் பேட்டை காட்டறது, தலையை ஆட்டிக்கிட்டே நிக்கறது, இதெல்லாம். ஐசிசி நடத்தை விதில 2.8, அம்பயர் முடிவுக்கு டிஸென்ட் காட்டறது. சின்ன லெவல்னா மேட்ச் ஃபீஸ்ல பாதி வரைக்கும் போகும், டீமெரிட் பாயின்ட்டும் வரும். ஃபுட்பால்ல வாயாலயோ செய்கையாலயோ காட்டினா மஞ்ச கார்டு. கோர்ட்ல மரியாதையான வார்த்தை, கிரவுண்டுல குத்தம். வாழப்பாடி ஸ்டேடியத்துல டிஎன்பிஎல் பார்க்கப் போனப்போ பக்கத்துல இருந்தவர் எல்பி கொடுக்காததுக்கு அம்பயரோட குலம் கோத்திரம் வரைக்கும் போனாரு, அதை டிஸென்ட்னு சொன்னா வார்த்தைக்கே அவமானம்.

பேங்க் எக்ஸாமுக்கு வேற எங்கெல்லாம் வரும்?

ரெண்டு இடம். கம்பெனி சட்டம் 2013ல பிரிவு 235, டிஸென்டிங் ஷேர்ஹோல்டர்ஸ். ஒரு கம்பெனியோட பங்குகளை இன்னொண்ணு வாங்கறதுக்கு மதிப்புல பத்துல ஒன்பது பங்கு சம்மதிச்சுட்டா, ஒத்துக்காத மிச்சப் பேரோட பங்கையும் வாங்கிக்க வழி இருக்கு. இன்னொண்ணு திவால் சட்டம் 2016, டிஸென்டிங் ஃபைனான்ஷியல் கிரெடிட்டர்ஸ். கடன் கொடுத்தவங்க கமிட்டில 66 சதவீதம் ஓட்டு விழுந்தா மீட்புத் திட்டம் பாஸ். எதிர்த்து ஓட்டுப் போட்ட பேங்க்கும் அதுக்குக் கட்டுப்படணும், ஆனா கம்பெனிய கலைச்சு வித்திருந்தா அதுக்கு என்ன கெடைச்சிருக்குமோ அதுக்கு கம்மியா கொடுக்கக்கூடாது. ரெண்டுலயும் கவனிச்சீங்கன்னா வேண்டாம்னவன் வண்டில இருந்து இறங்க முடியாது, ஆனா அவனுக்கு உள்ளதை கொடுத்துடணும்.

கான்ட்ரரி, அவெர்ஸ், அட்வெர்ஸ் எல்லாம்?

சுருக்கமா. கான்ட்ரரி: நேர் எதிரான, பெரும்பாலும் கருத்துக்கோ உத்தரவுக்கோ வரும், பின்னாடி டு. அவெர்ஸ்: ஆளுக்கு வரும், புடிக்காத, மனசு திரும்பின, இதுக்கும் டு. அட்வெர்ஸ்: ஆளுக்கு வராது, விளைவுக்கும் நெலைமைக்கும் வரும், பாதகமான. மாத்திரை அட்டைல பக்க விளைவுன்னு பார்த்திருப்பீங்க. "ஐ ஆம் அட்வெர்ஸ் டு காபி"ன்னா நீங்க காபிக்கு பாதகம்னு ஆயிடும். ஷெவராய் காபித் தோட்டத்துக்காரங்க கோவிச்சுக்குவாங்க.

தமிழ்ல எழுதறப்போ எந்த வார்த்தை போடறது?

தீர்ப்புன்னா மாறுபட்ட தீர்ப்பு, பேப்பர்ல அதுதான் நிலைச்சுடுச்சு. கமிட்டி ரிப்போர்ட்ல வர்ற டிஸென்ட் நோட்டுக்கு மறுப்புக் குறிப்பு, எதிர்ப்புக் குறிப்பு ரெண்டுமே ஓடும். முரண்பட்டன்னு போடறதை நான் அடிச்சுடுவேன், முரண்பட்ட தீர்ப்புன்னா ரெண்டு தீர்ப்பு ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு படுது. கலகக் குரல்னு சிலர் எழுதறாங்க, கேக்கறதுக்கு கெத்தா இருக்கு, ஆனா பாவம், அந்த ஜட்ஜ் கலகம் எதுவும் பண்ணல, தன் பக்கத்தை தன் மேஜைல உக்காந்து எழுதினாரு.

ஒரு மீட்டிங்ல நான் ஒத்துக்கலன்னா இங்கிலீஷ்ல எப்படி பதிவு பண்றது?

"ஐ வுட் லைக் மை டிஸென்ட் டு பி ரெக்கார்டட்." இவ்வளவுதான். சண்டை போடற குரல்ல சொல்ல வேண்டாம், மோர் கேக்கற குரல்ல சொன்னாலே போதும். கூடவே ஒரு வரில காரணம் எழுதிக் கொடுத்துடுங்க, உங்க கையெழுத்துலயே, தேதி போட்டு. வாயால சொன்னா டீசென்ட் ஆயிடும், அனுபவம். காரணம் இல்லாத டிஸென்ட் வெறும் மூஞ்சியை திருப்பிக்கறதுதான்.

அந்த ஹெட்மாஸ்டர் கதை என்னாச்சு சார்?

வேப்பமரத்தடில 780 அடில தண்ணி வந்துடுச்சு. இன்னைக்கும் வருது, நல்ல தண்ணி. செக்ரட்டரி சும்மா இருக்காம அவர்கிட்ட போய், "சார், தண்ணிதான் வந்துடுச்சே, உங்க டிஸென்டை மினிட்ஸ்ல இருந்து எடுத்துடலாங்களா"ன்னு கேட்டிருக்காரு. ஹெட்மாஸ்டர் குடத்தை கீழ வெச்சுட்டு, "தண்ணி வந்ததை நான் எப்பய்யா வேண்டாம்னேன், தேங்காய நம்பினதைத்தான் வேண்டாம்னேன், அது அப்படியே இருக்கட்டும், ஸ்பெல்லிங்கை மட்டும் மாத்து"ன்னாராம்.